தறிச் சத்தத்துக்குத் தூங்கும் குழந்தை

இரண்டு வாரமாக எனக்கு இரவில் தூக்கமில்லை. உத்திரமேரூர் வைத்தியரைப் பார்க்க இன்று காலை காஞ்சிபுரத்தில் அந்த வழியாகப் போகும் பஸ் ஏறினேன்.

திருப்புலிவனத்தில் என்ஜினுக்குத் தண்ணீர் ஊற்ற வண்டியை நிறுத்தினார்கள். சத்தம் அடங்கியதுமே, பக்கத்து சீட்டுப் பெண்ணின் மடியில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை வீறிட்டது.

"தறிச் சத்தத்துலயே பொறந்த புள்ளண்ணா. சத்தம் நின்னா முயிச்சிக்குது. ராத்திரி தறி நின்னதும் இதே பேஜார்தான்" என்றாள்.

என் தகரப் பெட்டியில் தாளம் போட்டுப் பார்த்தேன். அழுகை கூடியது.

"அது பஜனைக்குப் போட்றதுண்ணா. தறி மாதிரி தட்டுங்க."

தறி எப்படித் தட்டும்? எனக்கென்ன தெரியும்!

பின்சீட்டிலிருந்து ஒரு நெசவாளர் எழுந்து வந்தார். "இன்னா சார், ரெண்டு தட்டு தட்டிட்டு கொஞ்சம் நிறுத்தணும்" என்று பெட்டியை வாங்கித் தட்டினார்.

டக் டக்... டக் டக்...

குழந்தை கண்ணை மூடியது. அதுவரைதான் ஞாபகம் இருக்கிறது.

கண்டக்டர் உலுக்கி எழுப்பியபோது வண்டி உத்திரமேரூரைத் தாண்டி மானாம்பதியில் நின்றது. பெட்டி என் மடியில் இருந்தது. நெசவாளரையும் காணோம், குழந்தையையும் காணோம்.

இனி வைத்தியரிடம் போய், தூக்கமே வரவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது? நீங்களே சொல்லுங்கள்.