சம்பியனின் சப்பாத்துக்குக் காவல்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனால் சின்ன வயதிலேயே அப்பாவுக்கு வாசித்துக் காட்டும் உத்தியோகம் கிடைத்துவிட்டது. மெல்பேர்னில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருந்த கிளேட்டன் நூலகத்தில் ஓர் அமெரிக்க கோல்ஃப் வீரரின் வாழ்க்கைக் கதை இருந்தது. நான் அதைத் தட்டுத்தடுமாறித் தமிழில் சொல்ல, அப்பா குசினிக் கதிரையில் நிமிர்ந்திருந்து கேட்பார். ஏழை வீட்டுப் பொடியன். பணக்காரரின் விளையாட்டுப் பையைத் தூக்கி வளர்ந்தவன். உலகப்போர் முடிந்த காலத்தில் பெரிய கோப்பைகளை எல்லாம் வென்றவன். வயது ஏற ஏற, குழிக்குக் கிட்ட நின்று பந்தைத் தட்டும்போது கை நடுங்கத் தொடங்கியது. ஆனாலும் அவர் ஆட்டத்தை விடவில்லை. பின்வாசலால் போய்வந்த கிளப்புக்குள் அவர் முன்வாசலால் நுழையும் இடம் வந்தால், "அதைத் திரும்ப வாசி" என்பார் அப்பா.

அப்பாவும் சிறுவயதில் இலங்கை மலைநாட்டில் வெள்ளைத் துரைமாரின் கோல்ஃப் கிளப்பில் பை தூக்கியவர்தான். பின்னாளில் ஒரு துரை மெல்பேர்னுக்குத் திரும்பியபோது சமையலுக்கென்று எங்களையும் கூட்டிவந்தார். துரை காலமானபின், பக்கத்துக் கோல்ஃப் கிளப்பில் அப்பா நாட்கூலிக்குப் புல் வெட்டினார்.

எழுபதுகளில் ஒரு கோடையில் அந்த வீரரே எங்கள் கிளப்புக்கு ஆட வந்தார். அவருக்குப் பை தூக்கவிருந்தவர் காய்ச்சலில் படுத்துவிட, அப்பா தான் தூக்குவதாகச் சொன்னார். ஒழுங்காகச் செய்தால் நிரந்தர வேலை, பிழை விட்டால் புல் வெட்டவும் வரவேண்டாம் என்றார் கிளப் மனேஜர். அம்மா ஓடிப்போய்ப் புதுச் சப்பாத்து வாங்கிவந்தார்.

சனம் கயிற்றுக்குப் பின்னால் நெருக்கிக்கொண்டு நின்றது; அம்மாவும் நானும் அதற்குள் நின்றோம். முதல் குழியைச் சுற்றி ஒட்ட மழித்த பச்சைப் புல்தரை. அதன் ஓரத்துக்கு வந்ததும் அப்பா குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். கோயில் வாசலில் கழற்றுவதுபோல் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போனார்.

யாரோ சிரித்தார்கள். மனேஜரின் முகம் சிவந்துவிட்டது. "சப்பாத்தைப் போடு! என் மானத்தை வாங்காதே!" என்று ஆங்கிலத்தில் கத்தினார்.

அம்மாவின் கவலை வேறு. "ஐயோ, புதுச் சப்பாத்து! ஆரும் கொண்டு போகப் போறாங்கள். ஓடிப்போய்க் காவல் நில்லடா!"

கயிற்றுக்குக் கீழால் நுழைந்து, சப்பாத்துக்குப் பக்கத்தில் நின்றேன். அப்பா குழிக்கொடியைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். வேலை போய்விட்டது என்பது எனக்கே விளங்கியது.

அப்போது அமெரிக்கர் புல்லில் உட்கார்ந்து தன் சப்பாத்து லேஸை அவிழ்த்தார். "நானும் இப்படித்தான் தொடங்கினேன், மிஸ்டர்" என்றார் மனேஜரிடம். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "இதையும் பார்த்துக்கொள், மகனே."

வெறுங்காலை ஊன்றி, நடுங்கும் கையால் பந்தைத் தட்டினார். அது குழி விளிம்பில் கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே விழுந்தது. சனம் ஆர்ப்பரித்தது. மனேஜரும் கைதட்ட வேண்டியதாயிற்று. அன்று மாலையே அப்பாவின் வேலை நிரந்தரமானது. அமெரிக்கச் சம்பியனின் சப்பாத்துக்குக் காவல் நின்றவன் என்ற பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடப் புல்வெளியில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, அப்பா நடந்த மாதிரி கூட்டாளிகளுக்கு நடந்து காட்டினேன். என்னைக் கூட்டிப்போக வந்த அப்பா அதைக் கண்டுவிட்டார். ஒருநாளும் என்னை ஏசாத மனிதர் கத்தினார்.

"போடடா சப்பாத்தை! ஆர் உன்னைக் கழட்டச் சொன்னது?"

"நீங்களும் கழட்டினீங்கள்தானே, அப்பா?"

அவர் முழங்காலில் நின்று, என் காலில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டு, சப்பாத்தை மாட்டி லேஸை இறுக்கிக் கட்டினார்.

மலைநாட்டுக் கிளப்பில் பை தூக்கும் பொடியன் சப்பாத்தோடு குழியைச் சுற்றிய புல்லில் கால் வைத்தால் பிரம்படி விழும் என்பதை, நான் பல்கலைக்கழகம் போகத் தொடங்கிய பிறகுதான் அம்மா சொன்னார். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், லேஸ் இறுகிக் கால் நொந்தது மட்டுந்தான்.