பிரேமாவுக்கு வந்தது சாமி இல்லை

என் சின்ன மருமகள் பிரேமாவுக்கு எந்தச் சாமியும் வரவில்லை. வந்தது சர்க்கரை இறக்கம். இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிப்போனது, கேட்கத்தான் ஆளில்லை.

திருவாலங்காட்டில் கரும்பு வெட்டுகிற குடும்பத்தில் பிறந்தவள். ஆர்.கே.பேட்டை விசைத்தறிக் கூடத்தில் வேலை. தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகியதால் வீட்டிலும் அதே குரல்தான். அவள் சிரித்தால் பக்கத்துத் தெரு திரும்பிப் பார்க்கும். இரண்டாவது பிள்ளைப்பேற்றில் வந்த சர்க்கரை அப்புறம் போகவே இல்லை. மாத்திரைக்குக் கட்டுப்படாமல் இன்சுலின் ஊசி ஆயிற்று. வயிற்றைக் கிள்ளிப் பிடித்துத் தானே குத்திக்கொண்டு பஸ் ஏறுவாள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

ஒரு கிருத்திகை அன்று விடியற்காலையில் குடும்பத்தோடு முருகன் மலைக்குப் படியேறினோம். பாதி வழியில் அவள் உடம்பு வெடவெடவென்று ஆடியது. ரவிக்கை நனைகிற வேர்வை. கண் எங்கேயோ நிலைகுத்தி நிற்க, வாய் ஏதேதோ உளறியது. அவள் 'பாவா' என்று கூப்பிடுகிற என் மூத்த மகன் சந்திரமோகன் தோள் துண்டை எடுத்துத் தன் இடுப்பில் கட்டினான்.

"சாமி வந்துட்டாரு. தள்ளி நில்லுங்க."

யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். ஒருத்தி முன்னால் வந்து, "எம் பொண்ணுக்கு எப்பப்பா கல்யாணம் ஆவும்?" என்று கேட்டாள். பிரேமா "ஆங், ஆங்" என்றாள். அந்தம்மாள் அழுதே விட்டாள். கடைசியில் ஒரு பெரியவர் பஞ்சாமிர்தத்தை வழித்து இவள் வாயில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் தெளிந்து, "இன்னாத்துக்கு எல்லாரும் என்னையே பாத்துகினு கீறீங்க?" என்றாள். பஞ்சாமிர்தம் வாங்கிக்கொண்டு சாமி மலையேறிவிட்டாராம். பழமும் வெல்லமும் செய்த வேலைக்கு முருகனுக்குப் பேர்.

அடுத்த கிருத்திகைக்குக் குறி கேட்க எலுமிச்சம்பழத்தோடு எங்கள் வாசலில் ஆள் நின்றது. சந்திரமோகன் பாய் விரித்து உட்காரவைத்தான். கிருத்திகையில் ஆடினால் அருள். அதே பிரேமா வேறொரு நாள் தறிக்கூடத்தில் விழுந்தால், ராத்திரி சாப்பிடாத திமிர்.

ஆஸ்பத்திரியில் மட்டும் என்ன வாழ்ந்தது?

"ஊசியை அளவுக்கு மேல போட்டுக்கறியா?" என்றார் அங்கிருந்த டாக்டர்.

"நீங்க சொன்னதவிட கொறைச்சுதான் போட்டுகினு இருக்கேங்க."

"பொய் சொல்லாதம்மா."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "நான் பக்கத்துல நின்னு பாக்கறவ. அவ பொய் சொன்னா மொதல்ல நானே சொல்லிடுவன்" என்றேன். அவர் தலை நிமிரவில்லை. அளவை இன்னும் குறைத்தார். சாப்பிட்டபின் சர்க்கரை மேலே ஏறியது. விடியும்போது அதலபாதாளத்துக்கு இறங்கியது. ஏறினால் திருட்டுத்தனமாக இனிப்புத் தின்றாள், இறங்கினால் ஊசியைக் கூட்டிப் போட்டாள். எப்படிப் பார்த்தாலும் குற்றம் அவள் மேல்தான்.

ஆடிக் கிருத்திகை அன்று காலை வீட்டுக் கூடத்தில் சுருண்டு உட்கார்ந்தாள். நடுக்கம் ஆரம்பித்தது. நான் சர்க்கரை கரைத்து எடுத்து வந்தேன். சந்திரமோகன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இரும்மா. குடுத்தா போயிடுவாரு. சோளிங்கர்லேர்ந்து வந்துகீறாங்க, ரெண்டு கேள்வி கேட்டுக்கட்டும்."

"டேய், கண்ணு சொருவுதுடா அவளுக்கு."

"அது அருளும்மா."

நான் இழுக்க, அவன் பிடிக்க, தண்ணீர் தரையில் கொட்டியது. அதற்குள் அவளுக்குப் பல் கிட்டிக்கொண்டு வலிப்பு வந்துவிட்டது. இனி வாயில் ஊற்றினால் புரையேறிச் செத்துப்போவாள். வந்தவர்கள் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். அவள் புருஷன், என் சின்னவன் வேணு, கொல்லையிலிருந்து ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்குப் போனான். நான் பெற்ற பிள்ளையை நானே அன்றைக்கு அறைந்தேன். இன்னும் நாலு அறைந்திருக்கலாம்.

நரம்பில் குளுக்கோஸ் ஏற்றித்தான் அவளை எழுப்பினார்கள். பிறகு சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு லேடி டாக்டர், யாரும் எடுக்காத ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்தார்.

"ஊசியில போற இன்சுலினை உங்க உடம்பு எதிரின்னு நினைச்சுப் பிடிச்சு வச்சுக்குதும்மா. அப்படிப் பிடிக்கற பொருளுக்கு ஆன்டிபாடின்னு பேரு. சாப்பிட்ட நேரத்துல அதை வேலை செய்ய விடாது. அப்புறம் வேண்டாத நேரத்துல அவிழ்த்து விட்டுடும். அதான் விடிகாலைல சர்க்கரை இறங்குது. இதுல உங்க தப்பு எதுவும் இல்ல."

அத்தனை விழுந்தும் அழாதவள், அந்தக் கடைசிச் சொல்லுக்கு அழுதாள். அந்த ஒரு சொல்லைச் சொல்ல இங்கே ஒருத்தருக்கும் வாய் வரவில்லையே என்றுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்.

மருந்தை மாற்றினார்கள். இறக்கம் குறைந்தது, ஒரேயடியாக நிற்கவில்லை. வீட்டைத் தேடி வந்த சாமியை நான் விரட்டிவிட்டதாகச் சந்திரமோகன் ஊரெல்லாம் சொன்னான். சொல்லட்டும் என்று அவனோடு பேச்சை நிறுத்தினேன்.

போன மாதம் ஒரு காலை, நான் தண்ணீர்க் குழாயடிக்குப் போயிருந்தேன். திரும்பும்போது பிரேமா கதவைப் பிடித்தபடி நடுங்கிக்கொண்டிருந்தாள். எதிரே சந்திரமோகன். அவன் கை தன்னால் கும்பிடப் போனது. நான் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். அதற்குள் அவன் கையை இறக்கிவிட்டு அடுப்படிக்குள் போனான். டப்பாக்கள் உருண்டன. சர்க்கரை கரைத்த டம்ளரோடு வந்து அவள் வாயில் வைத்தான்.

தெளிந்ததும் பிரேமா அவனைப் பார்த்தாள். "பாவா, கேள்வி எதுனா கீதா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு டம்ளரைக் கழுவப் போனான். நான் இன்னும் அவனோடு பேசவில்லை.