மேசை லாச்சியில் மூன்று நாள் கிடந்த யானை

1. கார்டு

காஜா பேராங் தபால் பெட்டியிலிருந்து வந்த பையைக் கொட்டியபோது அந்தக் கார்டு மேலாகவே கிடந்தது. சிலோனில் இருக்கும் ஒரு டாக்டருக்குப் போகவேண்டியது. எழுதும் பக்கத்தில் ஆங்கிலத்தில் இரண்டே வரி. "27. 4147. உங்கள் மனைவிக்கு உடம்பு தேறியிருக்கும் என்று நம்புகிறேன்."

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, முந்திய ஆண்டு அது. மலாக்காவில் கெடுபிடி தளர்ந்திருந்தாலும் அவசரகாலம் முடியவில்லை. ரகசியக் குறி மாதிரி எது கண்ணில் பட்டாலும் போஸ்ட்மாஸ்டரிடம் காட்டவேண்டும் என்பது எங்களுக்கு உத்தரவு. தபால் ஆபீசில் நான் கிளார்க்காகச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நாலு இலக்க எண்ணைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சேதி போகிறது, அதைக் கண்டுபிடித்தவன் நான்!

அன்று வெள்ளிக்கிழமை. போஸ்ட்மாஸ்டர் வெளியூர் போயிருந்தார், திங்கட்கிழமைதான் வருவார். தலைமைக் கிளார்க்கிடம் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் பேர் அவருக்குப் போய்விடும். அதனால் தேதி முத்திரைகூடக் குத்தாமல் கார்டை என் மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினேன். வீட்டில் மனைவியிடம், "சீக்கிரமே நமக்கு நல்ல காலம் வரும் பாரு" என்று வேறு சொல்லி வைத்தேன்.

2. பிள்ளை வீடு

போஸ்ட்மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று காலைதான் வந்தது என்று நினைத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை. போலீசுக்குப் போன் போனது. மப்டியில் ஒரு மலாய் அதிகாரி வந்தார். கார்டில் அனுப்பியவர் முகவரி தெளிவாகவே இருந்தது. எந்த ஒற்றனாவது தன் வீட்டு முகவரியை எழுதுவானா என்று எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

அதிகாரி என்னையும் கூட்டிக்கொண்டு போனார். காஜா பேராங்கில் செட்டிகள் கம்பத்தில், பல தலைமுறைக்கு முன் குடியேறிய தமிழர்களின் குடியிருப்பில், இருந்தது வீடு. வாசல் நிலையில் மாவிலைத் தோரணம், உள்ளே மலாய்க் கெபாயாச் சட்டை உடுத்திய ஓர் அம்மா. கார்டை அனுப்பிய நாராயணப் பிள்ளைக்கு நாற்பது வயதிருக்கும். நில அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவர். வீட்டில் பேசுவது மலாய். எங்கள் ஆட்களோடு வேலை செய்து பழகியதில் கொஞ்சம் தமிழ் பேசுவார்.

அதிகாரி எண்ணைக் காட்டி, "இது என்ன?" என்றார்.

பிள்ளை சிரித்துக்கொண்டே உள்ளே போய் ஒரு செஸ் பலகையைத் தூக்கி வந்தார். அதில் ஆட்டம் பாதியில் நின்றது. 27 என்பது எத்தனையாவது நகர்த்தல் என்ற கணக்கு. ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு இலக்கம். முதல் இரண்டு எங்கிருந்து, அடுத்த இரண்டு எங்கே. நாற்பத்தொன்றில் இருந்த யானை நாற்பத்தேழுக்குப் போகிறது, அவ்வளவுதான் சேதி. எதிராளி அந்தச் சிலோன் டாக்டர். நாலு வருடமாகக் கார்டிலேயே ஆடுகிறார்கள், ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஒரு பிஸ்கட் டின் நிறையக் கார்டுகள் இருந்தன. அதிகாரி ஆர்வத்தோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். எனக்கும் வந்த வேலை மறந்துபோனது. இரண்டு பேர் கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்துகொண்டு ஒரே பலகையை எப்படி மனசில் வைத்திருக்கிறார்கள்?

அதிகாரி சிரித்தபடி கிளம்பிய பிறகுதான் பிள்ளை கார்டைக் கையில் எடுத்தார். முத்திரை இல்லாத மூலையைப் பார்த்தார்.

"தம்பி, இது வெள்ளிக்கிழமை போட்டேன். இன்னும் போகலயா?"

உண்மையைச் சொன்னேன். "லாச்சியில இருந்துச்சுங்க."

"ஐயோ, மாத்தி லா, செத்தேன் நான்! எனக்கு இருந்த நாள் வெள்ளியோட முடிஞ்சுது. நீங்க குத்துற சாப்பு தேதிதான் கணக்கு. இப்ப போனா ஆட்டம் தோத்தாச்சு."

பத்து நகர்த்தலுக்கு இத்தனை நாள் என்று அவர்கள் ஆடிய தபால் செஸ் போட்டியில் விதி. அதை அளப்பது தபால் முத்திரை. இந்த ஆட்டத்தில் ஜெயித்தால் பிள்ளை அடுத்த சுற்றில் ஐரோப்பிய மாஸ்டர்களோடு ஆடலாம். தோற்றால் நாலு வருட உழைப்பு அதோடு சரி. கடைசி நாள் வரைக்கும் யோசித்து அந்த யானையைத் தள்ளியிருக்கிறார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஐயா, முத்திரையில தேதிச் சக்கரம் இருக்கு. வெள்ளிக்கிழமைக்குத் திருப்பிக் குத்திடறேன். யாருக்கும் தெரியாது" என்றேன்.

அவர் முகம் மாறியது. "தா போலே, கூடாது! டாக்டர் முகம் நான் பாத்ததில்ல. சாப்பத்தான் பாத்திருக்கேன். அது பொய்யின்னா நான் நாலு வருசமா யாரோட ஆடினேன்?"

3. கடிதம்

மிச்சம் இருந்தது ஒரு வழிதான். அடுத்த நாள் போஸ்ட்மாஸ்டர் அறைக்குள் போய் உள்ளதைச் சொன்னேன்.

"மூண்டு நாள் பூட்டி வச்சனீரோ? ஆர் உமக்கு அந்த அதிகாரம் தந்தது? தலைமைக் கிளார்க்கர் செத்துப் போனாரோ?"

"பேர் எனக்கு வரட்டும்னு வச்சேன் சார்."

போஸ்ட்மாஸ்டர் பேனாவை எடுத்து, கார்டு வெள்ளிக்கிழமையே பெட்டியில் போடப்பட்டது, தாமதம் எங்கள் ஊழியருடையது என்று டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கார்டும் அன்றைய தேதி முத்திரையோடு கூடவே போனது. என் வேலை நிரந்தரமாவதையும் அதே பேனாவால் ஒரு வருடம் தள்ளி வைத்தார். மனைவியிடம் சொன்ன நல்ல காலமும் கூடவே தள்ளிப்போனது.

சில வாரம் கழித்துச் சிலோன் கார்டு வந்தது. "27. 6847." வேறொன்றும் இல்லை. டாக்டர் ஆட்டத்தைத் தொடர்ந்துவிட்டார்! எண்ணை இப்போது எனக்கே படிக்கத் தெரியும். அறுபத்தெட்டில் இருந்த குதிரை வந்து நம் யானையை வெட்டியிருந்தது. தபால்காரரிடம் கொடுக்காமல் நானே சைக்கிளில் கொண்டு ஓடினேன்.

"ஐயா, யானை போச்சு!"

"எடுக்கட்டும்னுதான் லா வச்சேன்" என்று பிள்ளை பலகையைத் தட்டினார்.

மெர்டேக்கா கொண்டாட்டம் முடிந்து தோரணங்கள் காய்ந்துகொண்டிருந்த ஒரு நாள் அவரே கௌண்டருக்கு வந்தார். பெட்டியில் போடாமல் ஒரு கார்டை நீட்டினார். எண்ணே இல்லை, ஒரே வரி: "ஒப்புக்கொள்கிறேன்."

"தோத்துட்டீங்களா?"

"தோத்தேன். நல்லாத் தோத்தேன். அந்தக் குதிரை அப்புறம் வர்ற வழிய நான் பாக்கல, டாக்டர் பாத்துட்டார்."

செஸ் மாஸ்டர்கள் பெயர் அச்சான புத்தகம் எது கிடைத்தாலும் இன்றும் புரட்டிப் பார்க்கிறேன். பிள்ளை பெயரும் இல்லை, டாக்டர் பெயரும் இல்லை. அவர்கள் எத்தனை பெரிய ஆட்டக்காரர்கள் என்று சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. தபால் வேலைக்கு வருகிற பிள்ளைகளிடம் மட்டும், கைக்கு வந்ததற்கு முதலில் தேதி குத்துங்கள், சந்தேகத்தை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வேன்.

அந்தக் கடைசிக் கார்டை நீட்டிய அன்று பிள்ளை கௌண்டரை விட்டு நகரவில்லை. "என் கண்ணு முன்னால குத்து தம்பி" என்றார். சக்கரத்தில் அன்றைய தேதிதான் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, மையில் ஒற்றி, அவர் தோல்வியின் மேல் அழுத்திக் குத்தினேன். குனிந்து படித்துப் பார்த்தார். "சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.