அக்கா பிரித்த தையல்

தெருவில் போகிறவரின் இடுப்பளவைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள் அந்தத் தையல்காரி. தம்பியின் இடுப்பு பெருத்ததையும் முதலில் கண்டவள் அவள்தான். கண்டும் வாயைத் திறக்கவில்லை.

காரணம் இருந்தது. தம்பிக்கு மனச்சிதைவு நோய். காதுக்குள் ஓர் ஆள் ஓயாமல் திட்டுவான். முன்பு ஒருமுறை, மாத்திரை குண்டாக்குகிறது என்று அத்தனையையும் கழிவறையில் கொட்டிவிட்டான். பிறகு கதவைத் தாழிட்டுக்கொண்டு அந்தக் குரலோடு சண்டை. ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் மீட்டாள். இப்போது அச்சகத்தில் அட்டைப்பெட்டி மடிக்கிறான், நன்றாகத் தூங்குகிறான், அவளைக் கிண்டல் செய்கிறான். அது கெடக் கூடாது.

ஆகவே அவன் பேன்ட் காய்ந்ததும் நேரே தையல் மிஷினுக்குப் போகும். பின்பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே மடித்த துணியில் கொஞ்சம் வெளியே விட்டு, இஸ்திரி போட்டு வைப்பாள். உள்துணி தீர்ந்ததும் இடுப்புப் பட்டிக்குள் எலாஸ்டிக் புகுந்தது.

"அக்கா, என் பேன்ட் என்கூடவே வளருது பாரு."

"நல்ல துணிடா. பேசாம சாப்பிடு."

சாப்பிடச் சொல்லவே வேண்டாம். மாத்திரை கிளப்பிய பசியில், தட்டு காலியாகும் முன்பே அடுப்படியை எட்டிப் பார்ப்பான். பிறகு தாகமும் வந்தது. பாட்டில் பாட்டிலாகக் குடித்தான், ஓயாமல் சிறுநீர் கழித்தான், மாடி ஏறினால் மூச்சிரைத்தான். வெயில் என்றாள் அவள். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் கண்ணில் பட்டதற்கு இப்படித்தான் வேறு பெயர் வைப்பார்கள்.

மாத்திரை வாங்கப் போன நாளில் மருத்துவமனையில் எடை மிஷின் பழுது.

"பேன்ட் இறுக்குதா?" என்று கேட்டாள் நர்ஸ்.

"இல்லயே சிஸ்டர். ரெண்டு வருஷமா இதேதான்," என்றான் தம்பி.

நர்ஸ் பேனாவை எடுத்தாள். அக்கா அந்தப் பேனா முனையையே பார்த்தாள். உண்மையைச் சொன்னால் மறுபடி தாழ்ப்பாள், அந்தக் குரல். சொல்லாவிட்டால் அடங்காத அந்தத் தாகம்.

"எழுதாதேம்மா," என்றாள். "அந்தப் பேன்ட்டை நம்பாதே. நான்தான் பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சேன். தண்ணியும் கண்டபடி குடிக்கிறான்."

விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை எகிறியிருந்தது. ரத்த அழுத்தமும் கூட.

"இந்த மாத்திரையால இப்படி வரும். விட்டா இதயம் வரைக்கும் போகும்," என்றார் டாக்டர். "அதுக்காக நீங்களா நிறுத்திடாதீங்க. எடை அதிகம் ஏத்தாத மாத்திரைக்கு மெல்ல மாத்தலாம். சர்க்கரைக்கும் மருந்து தர்றேன். முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

வெளியே வந்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மாத்திரையைக் கொட்டிடுவியாடா?"

"கொட்டினா அந்த ஆளு திரும்பி வருவான். எனக்கு உன் திட்டே போதும்." சிரித்தான். "ஆம்பள பேன்ட்ல எலாஸ்டிக் வெச்சா தெரியாதா? உன்னைக் காட்டிக்கொடுக்க வேணாம்னுதான் நர்ஸ்கிட்ட அப்படிச் சொன்னேன்."

"அடப்பாவி!"

வீட்டுக்கு வந்ததும் அவனே பேன்ட்டை மாற்றி மிஷின்மேல் போட்டான். "எலாஸ்டிக்கை உருவு. இறுக்கினா நானே கத்துறேன்."

உருவினாள். மாட்டிக்கொண்டு வந்தவனுக்குப் பட்டன் எட்டவில்லை.

"வா, கடைத்தெரு வரைக்கும் நடப்போம். சர்க்கரை இறங்கணும்ல," என்றாள்.

"பட்டன் போடாமலா? மானம் போகும்!"

கழுத்தில் கிடந்த டேப்பை உருவி அவன் இடுப்பில் சுற்றினாள். இத்தனை நாள் தனக்குள் வைத்திருந்த அளவை, முதல்முறையாக அவன் காதுபடச் சத்தமாகப் படித்தாள். பிறகு அதையே பெல்ட்டாக முடிச்சுப் போட்டு, அது தெரியாமல் சட்டையைக் கீழே இழுத்துவிட்டாள்.

"இப்ப நட."