உம்மா பேசவேண்டிய டேப்பு

பட்டனை அமுக்கியதும் முதலில் "உஸ்" என்று ஓர் இரைச்சல் வரும், பிறகு வாப்பாவின் கனைப்பு, அதற்கப்புறம்தான் ஸலாம். மேலப்பாளையத்தில் எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் அரபு நாட்டில் இருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத என் உம்மாவைப் போன்றவர்களுக்குக் கடுதாசிக்குப் பதில் கேசட் வரும். "பேச்சு டேப்பு" என்போம். ஒரு பக்கத்தில் வாப்பா பேசி, லீவில் ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார்; மறுபக்கத்தில் உம்மா பேச, வந்தவரே திரும்பும்போது எடுத்துப்போவார்.

வாப்பா புது கேசட் வாங்குகிறவர் இல்லை. ஒருமுறை, அவர் கம்பெனியிலிருந்து ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் போட்டுவிட்டுப் போன கேசட்டின் மேலே பதிய முடியாதபடி விட்டிருந்த மூலை ஓட்டைகளில் காகிதத்தைத் திணித்து, ஒரு பக்கத்தில் பழைய பதிவின்மேலேயே பேசி அனுப்பியிருந்தார். உம்மா பேசுவதற்காக நான் மறுபக்கத்தைப் போட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான், வீடே அதிர்ந்தது. ஒருவன் பியானோவைப் போட்டுக் கும்ம, இன்னொருவன் தொண்டை கிழியக் கத்த, டிரம்மும் கைத்தட்டலும் ஒரே மைக்கில் முட்டிமோதிக்கொண்டு வந்தன. "யா அல்லாஹ், அங்கன என்னமோ அடிபிடி நடக்கு!" என்று உம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். எனக்குப் பதினோரு வயது. ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் கால் தரையில் நிற்கவில்லை. அதற்குப் பெயர் ராக் அண்ட் ரோல் என்பதெல்லாம் காலேஜுக்குப் போன பிறகு தெரிந்துகொண்டது.

உம்மா பேசப்பேச அந்தப் பாட்டு அழியும். மெஷினை இயக்கத் தெரிந்தவள் வீட்டில் நான் ஒருத்திதான். அவள் தயங்கித் தயங்கி நலம் விசாரித்து முடித்து, "பொறவு, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு..." என்று குரலைத் தாழ்த்தியபோது, "உம்மா, டேப்பு தீரப்போவுது" என்றேன். பச்சைப் பொய். பாவம், அவசர அவசரமாக ஸலாம் சொல்லி முடித்தாள். மிஞ்சிய பாட்டை, கேசட் கிளம்புகிற வரைக்கும் பத்து நாள் போட்டுப் போட்டுக் கேட்டேன்.

நாலு மாதம் கழித்து அதே கேசட் திரும்பி வந்தது. "ஏம்புள்ள, ரெண்டு வார்த்தையில முடிச்சிட்டே? பாக்கி பூரா பாட்டுல்லா ஓடுது! எங்கிட்ட பேச ஒனக்கு ஒண்ணுமே இல்லையா?" என்றது வாப்பாவின் குரல். உம்மா என்னைப் பார்த்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பதில் பேச உட்கார்ந்தவள், "டேப்புல பேச எனக்கு வெக்கமா இருக்கு, தப்பா நெனச்சிராதிய" என்று சொல்லி, தானே நிறுத்தச் சொன்னாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வெட்கமென்று தான் சொன்ன பொய்யைக் காப்பாற்றவோ என்னவோ, பிறகு எந்த டேப்பிலும் அவள் அதற்குமேல் பேசவில்லை. வாப்பாவும் கேட்பதை விட்டுவிட்டார். அந்தப் பாட்டாவது எனக்கு நிலைத்ததா என்றால், அடுத்த தடவை வேறு கேசட் வந்தது.

வாப்பா மவுத்தாகி ஆறு வருடம் ஆகிறது. தெருவில் இன்று ஒரு வீட்டிலும் டேப் ரிக்கார்டர் கிடையாது. துபாயிலிருக்கும் என் மகன் தினமும் வீடியோவில் வந்து, "வேற என்னம்மா?" என்கிறான், நானும் "ஒண்ணுமில்ல" என்கிறேன். அந்தக் காலத்துக் கரடுமுரடான ராக் அண்ட் ரோல் ஃபோனில் வண்டி வண்டியாகக் கிடக்கிறது. கேட்கத்தான் எனக்கு அலுப்பாக இருக்கிறது. போன வாரம் அந்தப் பாட்டே அகப்பட்டது. படுத்திருந்த உம்மாவின் காதருகே பிடித்தேன். முழுக்கக் கேட்டாள்.

"இதுக்குத்தானாட்டி அன்னைக்கு?" என்றாள், கோபமே இல்லாமல்.

அன்றைக்கு வாப்பாவிடம் என்ன சொல்ல வந்தாய் என்று, வெட்கத்தை விட்டு, கேட்டேவிட்டேன்.

"கேக்க வேண்டியவரு போயாச்சு. ஒனக்கெதுக்கு?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.