மிசினுக்கு வடித்த தண்ணீர்

வேட்டியில் கிழித்த வெள்ளைத் துணியை நான்காக மடித்து, உழவு இயந்திரத்தின் ரேடியேற்றர் வாயில் விரித்து, கிணற்றில் அப்போதுதான் அள்ளிய தண்ணீரை மாமி சிந்தாமல் ஊற்றிக்கொண்டிருந்தார். கலியாணம் முடிந்து நெளுக்குளத்திலிருந்து உருத்திரபுரத்துக்கு வந்த எனக்கு அந்த வீட்டின் முதல் விடியல் அதுதான். புது மருமகளுக்குத் தேநீர் வரும் முன்பே மிசினுக்குத் தண்ணீர் வார்த்தாயிற்று. எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. எண்பதாம் ஆண்டளவில் நடந்தது இது.

அந்தக் கிணறு சும்மா வந்த கிணறல்ல. குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில், மாமாவும் மாமியும் பாறை உடைத்து வெட்டியது. மாமா காலமான பிறகு வயலையும் மிசினையும் மாமியே பார்த்தார். என் கணவர் மன்னாரில் படிப்பித்துக்கொண்டிருந்ததால் மாதத்தில் இரண்டு தரம் வந்து போவதோடு சரி. வீட்டுக்கு யார் வந்தாலும் மாமி முதலில் ஒரு செம்பு கிணற்றுத் தண்ணீர் கொடுத்து, அவர்கள் குடித்து முடிக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நல்ல தண்ணீர் என்று சொல்லாமல் யாரும் அந்தப் படலையைத் தாண்டிப் போனதில்லை. தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்திலின் உட்புறத்தில் விரல் தடிப்புக்கு வெள்ளைப் பொருக்குப் படிந்திருந்தது. நான் ஒருநாள் தேங்காய்ப் பொச்சை எடுத்துக்கொண்டு தேய்க்க உட்கார, மாமி கையைப் பிடித்துத் தடுத்தார்.

“தேய்க்காதையும் பிள்ளை. உது ஊத்தையில்லை. கிணத்தின்ரை சத்து.”

நானும் சத்தென்றே நம்பிக் குடித்தேன். அந்த வயதில் மாமியோடு வாதாட எனக்கென்ன பைத்தியமா?

மாசி மாதம் அறுவடை முடிந்து, ஆறு ஏக்கர் நெற்கதிரும் ‘சூடு’ என்று நாங்கள் சொல்லும் போராகக் குவிந்து களத்தில் கிடந்தது. அதை மிசினால் மிதித்துத்தான் மணி பிரிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து மிசின் மக்கர் பண்ணத் தொடங்கியது. அரை மணி நேரம் சுற்றினால் ரேடியேற்றர் கொதித்து ஆவி கக்கும். நிறுத்தி, ஆறவைத்து, மறுபடி தண்ணீர் வார்த்து ஓட்டினால் முன்னையதிலும் கெதியாகக் கொதிக்கும். கிழக்கே வானம் இருண்டுகொண்டு வந்தது. அயல்காணி அண்ணர் வேலியடியில் நின்று தன் தீர்ப்பைச் சொன்னார்: “அக்கா, உங்கடை ட்ரைவர் மிசினைப் போட்டு முறுக்கிறான். அவனாலைதான் கொதிக்குது.” மாமி அதை அப்படியே பிடித்துக்கொண்டார். “சூடு முடியட்டும் பிள்ளை, வேறை ஆள் பாப்பம்” என்று குசினியில் வைத்து என்னிடம் சொன்னார். மெதுவாகப் பேசும் பழக்கம் மாமிக்கு இல்லாததால் ட்ரைவர் அண்ணைக்கும் அது கேட்டுவிட்டது.

ட்ரைவர் அண்ணை எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்தவர். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு காணி மூலையில் கொட்டில் போட்டிருந்தார். வேலை போனால் கொட்டிலும் போகும். அவர் மிசினை முறுக்கி ஓட்டி நான் ஒருநாளும் கண்டதில்லை. மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல அதைத் தட்டிக்கொடுத்துத்தான் ஏறுவார். அன்று மத்தியானம் தேநீர் கொண்டுபோன என்னை அவர் ரேடியேற்றர் பக்கம் கூப்பிட்டார். மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டுச் சுரண்டி நீட்டினார். எங்கள் கேத்திலில் இருந்த அதே வெள்ளைப் பொருக்கு.

“தேயிலை பேக்டரி பாய்லர்லயும் இப்படித்தாங்க புடிக்கும். உள்ள இருக்கிற கொழாயெல்லாம் அடைச்சிருச்சு, தண்ணி ஓடினாத்தானே சூடு ஆறும்? புளி கரைச்சு ஊத்தினா விட்டுரும். வாய்க்கா தண்ணியா இருந்தா இந்தளவுக்குப் புடிச்சிருக்காது. ஆனா அம்மாகிட்ட கெணத்தக் கொறை சொன்னா நான் இன்னைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான்.”

எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. நேரே குசினிக்குப் போய்க் கைப்பிடி புளியைக் கரைத்துக் கேத்திலில் ஊற்றி அடுப்பில் வைத்தேன். நுரை பொங்கிப் பொங்கி வந்தது. பிறகு பொச்சால் ஒரு தேய்ப்புத்தான், மாமியின் இத்தனை வருடச் சத்தும் கழன்று விழுந்து கேத்தில் பளிச்சென்று சிரித்தது.

“ஆர் உதைச் சுரண்டினது?” வாசலில் மாமி.

கேத்திலை அவர் பக்கம் நீட்டினேன். “நான்தான் மாமி. மிசினுக்குள்ளையும் இதுதான் அடைச்சிருக்கு. அண்ணையிலை பிழையில்லை. எங்கடை கிணத்துத் தண்ணிதான்.”

மாமி கேத்திலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் இடுப்பில் வருடத்துக்கென்று வைத்திருந்த புளிப் பானை முழுதாக இருந்தது. கிணற்றடியில் குந்தியிருந்து அவரே கரைத்தார். “கொட்டையும் தும்பும் உள்ளை போகக் கூடாது” என்று எனக்குக் கட்டளை வேறு.

புளித்தண்ணீரை நிரப்பி மிசினை நின்ற இடத்தில் ஓடவிட்டார் ட்ரைவர் அண்ணை. ரேடியேற்றர் வாயால் நுரை வழிந்தது. ஆறவைத்துக் கீழ்க்குழாயைத் திறந்ததும் பழுப்பும் வெள்ளையுமாகச் சேறு கொட்டியது. மூன்று தரம் அப்படிச் செய்தோம். களம் முழுக்க ரசம் வைத்த வீட்டு மணம். பிந்தி விதைத்தவர்களுக்காக இரணைமடுக் குளத்து வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதில் நானும் ட்ரைவர் அண்ணையின் மனைவியும் வாளி வாளியாக அள்ளிவந்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவினோம். கடைசியாக நிரப்பியதும் வாய்க்கால் தண்ணீர்தான். மாமி கையைக் கட்டிக்கொண்டு வேறு திசையைப் பார்த்தபடி நின்றார்.

பொழுது சாயும்வரை மிசின் சூட்டின் மேல் சுற்றியது, ஒருதரமும் கொதிக்கவில்லை. மறுநாளும் அப்படியே. மழை விழுந்தபோது கடைசி மூட்டையும் வீட்டுக்குள் வந்துவிட்டது.

மழை விட்டதும் அயல்காணி அண்ணர் மறுபடி வேலியடிக்கு வந்தார்.

“என்னக்கா, ட்ரைவரை மாத்தியாச்சோ?”

ட்ரைவர் அண்ணை மிசினைத் துடைப்பதை நிறுத்தினார். நான் மாமியைப் பார்த்தேன்.

“அவனிலை ஒரு பிழையுமில்லை” என்றார் மாமி, தெருவுக்கே கேட்க. “என்ரை கிணத்துத் தண்ணி குடிக்க அந்த மிசினுக்குக் குடுத்து வைக்கேல்லை.”