ஊமச்சிக் கண்மாயும் ஜோசபின் டீச்சரும்

ஜோசபின் டீச்சரைப் பற்றி எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் "பாவம், நல்ல மனுஷி" என்பார்கள். நல்ல மனுஷிதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளையாயிற்றே என்றுகூடப் பார்க்காமல் கெமிஸ்ட்ரி வகுப்பில் என்னை வெளியே நிறுத்திய மனுஷியும் அவர்தான். சாயங்காலம் அதே மனுஷி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, "ஏம்மா ரோகிணி, சாப்பிட்டியா?" என்று ஒன்றும் நடக்காத மாதிரி கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

திருமங்கலத்துக்காரர். மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே நரைத்து, அங்கேயே ஓய்வு பெற்றார். கணவர் கிருபாகரன் சார் கிளார்க்காக இருந்தவர், மாரடைப்பில் போய்விட்டார். ஒரே மகன் ஸ்டீவுக்கு பெங்களூரில் வேலை. டீச்சர் மட்டும் லேக் வியூ நகரில் தனியாக இருந்தார்.

லேக் வியூ நகர் என்ற பெயரைப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம். இங்கே பார்ப்பதற்கு எந்த லேக்கும் கிடையாது. ஊமச்சிக் கண்மாய் என்று ஒன்று இருந்தது. அதன் வயிற்றின் மேல்தான் எங்கள் வீடுகள் நிற்கின்றன. டீச்சர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிள்ளைகளை அந்தக் கண்மாய்க்குக் கூட்டிப் போவாராம். கரையோரச் சேற்றைக் கம்பால் குத்தினால் கொப்புளம் கொப்புளமாகக் காற்று வரும். அதைக் கவிழ்த்த பாட்டிலில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டுவார். நீலமாக எரியும். பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

கண்மாயைப் பிறகு ஆகாயத்தாமரை மூடிக்கொண்டது. பிளாட் போட வந்தவர்கள் அந்தச் செடியை அள்ளி வெளியே போட்டிருக்கலாம். அள்ளவில்லை. ஜேசிபியை விட்டு அப்படியே அமுக்கி, மேலே லாரி லாரியாக மண்ணைக் கொட்டி, கல் நட்டு விற்றுவிட்டார்கள். எங்களைப் போலவே டீச்சர் வீட்டாரும் அதில் ஒரு பிளாட் வாங்கினார்கள்.

எங்கள் வீட்டு போர்வெல் முதல் நாளிலிருந்தே சரியில்லை. அழுகின முட்டை வாடை. தண்ணீர் சோடாவைப் போல நுரைக்கும். அப்பா அதைக் கைவிட்டு, குழாய் வாயை மூடி, பின்னால் வீட்டை நீட்டியபோது அதன் மேலேயே உள்ரூமைக் கட்டி டைல்ஸ் போட்டுவிட்டார். டீச்சர் அப்படிச் செய்யவில்லை. தன் போரிலிருந்து ஒரு குழாய் எடுத்துப் பின்கட்டில் அடுப்பு ஒன்று வைத்து, வரும் கேஸை எரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன டீச்சர், ஓசி கேஸா?" என்று ஒருநாள் கிண்டலாகக் கேட்டேன்.

"எரிச்சுட்டா வம்பில்ல ரோகிணி. ஒரு எடத்துல சேந்தாத்தான் வம்பு," என்றார். "செடி காத்துலருந்து எடுத்ததெல்லாம் அது ஒடம்புல இருக்கு. வெளிய கெடந்து மக்குனா அது பாட்டுக்குக் காத்தோட போயிரும். காத்தே போகாத சேத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உசுருங்க அதத் தின்னு கேஸா விடுது. கண்மா செத்துப் போச்சுன்னு நெனைக்கிறோம். நம்ம காலுக்குக் கீழ அது இன்னும் தின்னுக்கிட்டுத்தான் இருக்கு."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "இத பரீட்சையில கேட்டா எத்தன மார்க் டீச்சர்?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

தெருக் கூட்டத்திலும் இதைச் சொன்னார். வீட்டுக்கு வீடு ஒரு குழாய் இறக்கி, கேஸை மேலே வெளியேற்ற வேண்டும் என்றார். விஷயம் வெளியே தெரிந்தால் பிளாட் விலை போகாது என்று எல்லோரும் சேர்ந்து அவர் வாயை அடைத்தார்கள். எங்கள் அப்பா சின்னச்சாமியும் அதில் ஒருவர். ஸ்டீவ் ஒவ்வொரு தடவை வரும்போதும் வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வரச் சொல்வான்.

"யாருக்குடா விக்கச் சொல்ற? வாங்குறவன் வீட்டுல பிள்ள குட்டி இருக்காதா?" என்று டீச்சர் கேட்பார். அவர் விற்கவேயில்லை.

போன ஐப்பசியில் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தேன். பெண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் என் அம்மா முத்துத்தாய் எங்கள் இருவரையும் உள்ரூமில் போட்டு அடைத்தாள். அடைமழைக் காலம். கூதல் காற்று பிள்ளைக்கு ஆகாதென்று ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் பழைய சேலையைத் திணித்து, அதற்கு மேல் பிளாஸ்டிக் பையை ஆணி வைத்து அடித்தாள். பிள்ளையைக் குளிப்பாட்டியதும் தினமும் சாம்பிராணி போடுவாள். எனக்கு மூச்சு முட்டியது. தலை எந்நேரமும் கனத்தது.

"தல வலிக்குதும்மா. கொஞ்சம் ஜன்னலத் தொற."

"பச்ச ஒடம்பு அப்பிடித்தாண்டி இருக்கும். பேசாமப் படு."

மழை விடாமல் பெய்தது. தெருவில் கணுக்கால் தண்ணீர் நின்றது. அன்று காலையில் அம்மா பிள்ளையைக் குளிப்பாட்டி என் மடியில் போட்டுவிட்டு, சாம்பிராணிக்குத் தேங்காய்ச் சிரட்டையைப் பற்றவைக்கக் கொல்லைப்பக்கம் போனாள். அப்பா எழுமலைக்குப் போயிருந்தார். வாசல் கதவு படபடவென்று தட்டப்பட்டது. தாழ் போடாமல் சாத்தியிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு டீச்சர் நேராக உள்ரூமுக்கே வந்துவிட்டார். குடை இல்லை. சேலை முழங்கால் வரை சேறு.

"ரோகிணி, பிள்ளையத் தூக்கிக்கிட்டு வெளிய வா. வாசலுக்குப் போ."

"என்னாச்சு டீச்சர்?"

"எங்க அடுப்பு மூணு நாளா எரியல. மழத்தண்ணி ஏறி எங்க குழா அடைச்சுக்கிச்சு. கேஸு நிக்காது, வேற வழி தேடும். எங்கடா போகுதுன்னு பாத்தா, ஒங்க ரூம்புச் செவுத்தோரம் நிக்கிற தண்ணி கொதிக்கிற மாதிரி கொப்புளிக்குது. ஒங்கப்பா மூடுன போரு இந்த ரூம்புக்குக் கீழதான இருக்கு."

"வாட ஒண்ணும் வரலயே?"

"மண்ணு வழியா வரும்போது வாட மண்ணுலயே தங்கிரும். சிலிண்டர் கேஸுக்கு வாட நாம சேக்குறது. வெளிய வாம்மா."

எனக்குக் கெமிஸ்ட்ரி வராது. ஆனால் வகுப்பில் எவ்வளவு கோபம் வந்தாலும் உயராத அந்தக் குரல் அன்றைக்கு நடுங்கியது. பிள்ளையைத் துண்டோடு அள்ளிக்கொண்டு எழுந்தேன். அதற்குள் அம்மா சாம்பிராணிக் கரண்டியோடு நடுவீட்டுக்கு வந்துவிட்டாள். சிரட்டை தழலாக இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"அடி இவளே, பிள்ளைய எங்கடி கொண்டு போற? மழச்சாரல் அடிக்குது."

"முத்துத்தாயி, அத உள்ள கொண்டு வராத. தண்ணி ஊத்தி அணைச்சுரு," என்றார் டீச்சர்.

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "உங்க வீட்டு வழக்கம் வேற டீச்சர், எங்க வழக்கம் வேற. சாமிக்குப் போடுறதையும் பிள்ளைக்குப் போடுறதையும் அணைக்கச் சொல்லாதீக."

"வழக்கத்தச் சொல்லல தாயி. இப்ப வேணாங்குறேன். ரூம்பு பூரா கேஸு நிக்குது."

நான் அம்மாவை இடித்துத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். "அம்மா, நீயும் வந்து தொல," என்று கத்தினேன். அவள் வரவில்லை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டீச்சர் உள்ரூமில் கட்டில் மேல் ஏறிவிட்டார் என்பது அங்கிருந்தே தெரிந்தது. பிளாஸ்டிக் பையைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. லேசான கேஸ் மேலேதான் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் ஏறினார்.

"இத்தன நாளா போட்டேன், என்ன ஆச்சு? இன்னைக்கு மட்டும் என்ன ஆயிருமாம்?" என்று சொல்லிக்கொண்டே அம்மா அந்த அறை வாசலில் காலை வைத்தாள்.

சத்தம் பெரிதாக இல்லை. கனமான கதவை யாரோ அறைந்து சாத்தியதைப் போல இருந்தது. அம்மா நடுவீட்டில் வந்து விழுந்தாள். புருவமும் முன் மயிரும் கருகியிருந்தன. கூரையோடு ஓடிய தீயில் டீச்சரின் தலையும் தோளும்தான் இருந்தன. அக்கம்பக்கத்தார் ஈரச் சாக்கைப் போட்டுத் தூக்கினார்கள். பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம், "பிள்ள வெளியதான இருக்கு?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்ததாகக் கூடப் போனவர்கள் சொன்னார்கள். இரண்டு நாள் உயிர் இருந்தது.

எனக்கு இன்னமும் ஆத்திரம் அடங்கவில்லை. மண்ணைக் கொட்டி விற்றவன் மேல் ஆத்திரம். கூட்டத்தில் அவர் வாயை அடைத்தவர்கள் மேல், என்னைப் பெற்றவர் உட்பட, ஆத்திரம். அம்மா மேல் கோபப்படத்தான் முடியவில்லை. அவள் இப்போது பிள்ளையைத் தொடவே பயப்படுகிறாள்.

டீச்சரை அவர் வீட்டிலேயே கிடத்தியிருந்தார்கள். மழை கொஞ்சம் விட்டிருந்தது. மாதா கோயிலிலிருந்து வந்திருந்த பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஸ்டீவ் இரண்டு மெழுகுவத்திகளைப் சவப்பெட்டியின் தலைமாட்டில் வைத்துவிட்டுத் தீப்பெட்டியைத் திறந்தான். நான் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தேன்.

"வேணாம் ஸ்டீவ். இந்த வீட்டுக்குள்ள வேணாம்."

"எங்கம்மாவுக்கு ஒரு மெழுகுவத்தி கூடவாக்கா ஏத்தக் கூடாது?" என்றான்.

பிடித்த கையை நான் விடவில்லை. அவன் தரையைப் பார்த்தான், என் பிள்ளையைப் பார்த்தான். பிறகு தீப்பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, ஏற்றாத மெழுகுவத்திகளை அப்படியே விட்டுவிட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.